சாரலில் விழும் டிரிப், நிறுத்தினால் நிற்கும் ஃபிரிட்ஜ்: கேரவன் எர்த் கேள்வி - பதில்

வேனை வீடாக மாற்றி ஓட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் எர்த் சம்பந்தப்பட்டவை மட்டும் இந்த முறை. பதில்களுக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கேரவனில் ‘எர்த்’ என்ற ஒரே பெயரில் இரண்டு சமாச்சாரம் உண்டு. ஒன்று, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் திரும்பி வருகிற பாடி எர்த். இன்னொன்று, வெளியிலிருந்து சொருகும் 230 வோல்ட்டோடு வருகிற பச்சை வயர். முதலாவது கெட்டால் விளக்கு மங்கும். இரண்டாவது கெட்டால் உயிர் போகும். பல கடிதங்களில் இரண்டும் கலந்துகிடந்தன, பிரித்துத் தந்திருக்கிறோம்.

கே: டிராவலர் வேனில் கட்டின கேரவன். 1 டன் ஏ.சி., 6 லிட்டர் கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர் எல்லாம் இருக்கு. அம்பையில் வீட்டு வாசலில் சொருகிப் போட்டால் மாதக் கணக்கில் ஒரு தொந்தரவும் கிடையாது. குற்றாலத்தில் லாட்ஜ் வளாகத்தில் நிறுத்தினால் மட்டும் ராத்திரிக்கு ரெண்டு மூணு தடவை இ.எல்.சி.பி. விழுது. வெயில் வந்தால் தானே சரியாயிருது. இ.எல்.சி.பி.யை ரெண்டு தடவை மாத்தியாச்சு அண்ணாச்சி. குறை வண்டியிலா, லாட்ஜிலா?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

ப: குறை வண்டியில். கூடவே சந்தேகப்பட வேண்டிய இன்னொரு இடம் உங்கள் வீடு.

இ.எல்.சி.பி. என்று நாம் சொன்னாலும் இப்போது கடையில் தருவது ஆர்.சி.சி.பி.தான், பழைய பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. கரண்ட் கசிந்தால் சப்ளையை அறுக்கும் சுவிட்ச் அது. ஃபேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் அது விழலாம், தரவிதியே அப்படித்தான். 230 வோல்ட்டில் 15 மில்லி ஆம்பியர் கசிய ஏறக்குறைய 15,000 ஓம் வழி ஒன்று இருந்தால் போதும். ஈரம் கோத்த ஒரு பிளாஸ்டிக் துண்டே அந்த வழியைத் தந்துவிடும்.

கசிந்த கரண்ட் வண்டியின் இரும்புக்கு வந்தாலும், அங்கிருந்து அது மண்ணுக்குப் போனால்தான் கணக்கில் குறையும். டயர் எல்லாம் ரப்பர். ஆகவே பச்சை வயர் ஒன்றுதான் வழி. குற்றாலத்து லாட்ஜில் மூன்றாவது பின்னுக்கு எர்த் சரியாக இருப்பதால் டிரிப் விழுகிறது. உங்கள் வீட்டு வாசல் பிளக்கில் அந்தப் பின்னுக்குப் பின்னால் வயரே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அம்பையிலும் கசிகிறது. போக வழி இல்லாமல் வண்டியின் உடம்பிலேயே நிற்கிறது. ஈரக்காலோடு படியில் ஏறுகிறவர் அதற்கு வழியாகிவிடுவார். ஆகவே முதல் வேலை வீட்டு பிளக்கைத் திறந்து பார்ப்பது.

மல்டிமீட்டரில் ஃபேஸ் - எர்த் 230 காட்டுகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். மீட்டர் இழுக்கிற கரண்ட் மிகச் சொற்பம். துருப்பிடித்த ஒரு நூலிழை தொட்டுக்கொண்டிருந்தாலும் 230 காட்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 100 வாட்ஸ் பல்பு போட்டுப் பார்க்கிற பழைய பழக்கமும் ஆபத்து. எர்த் குழி அறுந்திருந்தால், அந்த பல்பு வழியாக வீட்டில் பச்சை வயர் போகிற எல்லா இரும்புக்கும் கரண்ட் ஏறும். எர்த் வழியின் தடையை அளக்கும் லூப் டெஸ்டர் வைத்திருக்கும் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு ஓம் கணக்கு கேளுங்கள்.

இனி வண்டி. வரும், போகும் குறையைப் பிடிக்க அது வருகிற நேரம்வரை காத்திருக்கக் கூடாது, வரவழைக்க வேண்டும். வெளிக் கேபிளைக் கழற்றுங்கள். இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, அதன் அவுட்புட் வயரையும் எடுத்துவிடுங்கள். சார்ஜர், ஏ.சி., இண்டக்‌ஷன், டி.வி., எல்.இ.டி. டிரைவர், சர்ஜ் புரொடெக்டர் எல்லாவற்றையும் இணைப்பிலிருந்து பிரியுங்கள். மெகர் (உயர் வோல்ட் கொடுத்து வயர் தோலின் கசிவுத் தடையை அளக்கும் கருவி) வைத்தால் இவற்றின் போர்டு போய்விடும். மிச்சம் இருப்பது வெறும் வயரிங்கும் கீசரும். எம்.சி.பி.களை (கரண்ட் மிஞ்சினால் அறுக்கும் சுவிட்ச்) ஆனில் வைத்து, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி, அதற்கும் எர்த் பாருக்கும் (பச்சை வயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டை) நடுவே 500 வோல்ட் மெகரை வையுங்கள். காய்ந்த நல்ல வயரிங் பத்துக்கணக்கான மெகா ஓம் காட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே போனால் அங்கேயே நிறுத்தித் தேடலாம்.

காய்ந்த வண்டியில் மெகர் நன்றாகத்தான் காட்டும். குற்றாலத்துச் சாரலை நாமே கொண்டுவர வேண்டும். தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற கைத்தெளிப்பானை நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். கீழே இருந்து மேலே போக வேண்டும். மேலே தொடங்கினால் வடிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது குற்றவாளி என்று தெரியாது. முதலில் பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வயர் போக்கு, அடுத்து வெளிக் கேபிள் சொருகும் இன்லெட், அடுத்து வெளி விளக்கு, கடைசியாக ஏ.சி. வயர் கூரையில் நுழையும் ஓட்டை. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் விட்டு மெகரைப் பாருங்கள். பவர் வாஷ் கன் வேண்டாம். அது இல்லாத ஓட்டையையும் உண்டாக்கும்.

பெரும்பாலும் இன்லெட்டில்தான் சிக்கும். அதன் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். எர்த் திருகில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஃபேஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக்கில் பென்சிலால் கிறுக்கினதுபோல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். அது அழுக்கு என்று துடைத்துவிட்டு மூடாதீர்கள். பிளாஸ்டிக் கருகிக் கரியான தடம் அது. காய்ந்தால் சும்மா இருக்கும், ஈரம் பட்டால் கரண்ட் கடத்தும். சுரண்டினாலும் திரும்ப வரும். முழு இன்லெட்டையும் மாற்றுவதே வழி. நீல நிற 16 ஆம்பியர் மூன்று பின் இண்டஸ்ட்ரியல் வகையில் ஐ.பி. 67 வாங்குங்கள் (ஐ.பி. என்பது தூசி, தண்ணீரைத் தாங்கும் தர எண்), ஐ.பி. 44 தெறிப்பைத் தாங்கும், காற்றோடு சாய்ந்து வரும் சாரலுக்குப் போதாது. வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தி, கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் கிளாண்ட் போட்டு, வயரைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டு உள்ளே கொண்டுபோங்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

இன்லெட் சுத்தமாக இருந்தால் கீசர். எலிமெண்டுக்குள் கம்பியைச் சுற்றி இருக்கும் வெள்ளைப் பொடி ஈரத்தை உறிஞ்சும். உறையில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் குளிர்ந்து கிடக்கும்போது கசியும். சூடேறியதும் ஈரம் காய்ந்து கசிவு நிற்கும். காலையில் முதல் தடவை போடும்போது விழுந்து, மூன்றாம் தடவை நிற்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், எலிமெண்டை மாற்றுங்கள்.

இரண்டும் சரி, எதைப் போட்டாலும் விழவில்லை, எல்லாம் சேர்ந்து ஓடும்போது மட்டும் விழுகிறது என்றால் அது கூட்டுக் கசிவு. சார்ஜர், இண்டக்‌ஷன், இன்வெர்ட்டர் ஏ.சி. ஒவ்வொன்றின் ஃபில்டரும் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியரை எப்போதும் எர்த்துக்கு அனுப்பும். 10 மில்லி ஆம்பியர் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தால், சின்னக் கசிவே மீதியை நிரப்பிவிடும். கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் இந்தக் கூட்டுத்தொகை தெரியும். கீசருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. போடுங்கள். ஆர்.சி.சி.பி.யில் ‘ஏ’, ‘ஏ.சி.’ என்று வகை உண்டு, ‘ஏ’ டைப் கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரானிக் சாமான் கசியவிடும் கரண்ட்டை ‘ஏ.சி.’ டைப் சரியாகக் கண்டுகொள்ளாது.

கே: டிரிப் ஆகுதேன்னு கேட்டால், எர்த் வயரைக் கழட்டி விடுங்க, அப்புறம் ஆகாதுன்னு ஒரு வயர்மேன் சொன்னார். கழட்டினேன், நிஜமாவே ஆகலை. அப்படியே விடலாமா?
- கல்லிடைக்குறிச்சி

ப: இன்றைக்கே மாட்டுங்கள். கசிவு நிற்கவில்லை; மேலே அம்பை வாசகருக்குச் சொன்னதுபோல, காட்டிக்கொடுக்கிற வழி மட்டும் அடைபட்டது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதே என்று கேட்பீர்கள். அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி.க்கு உள்ளேயே ஒரு செயற்கைக் கசிவை உண்டாக்கும். எர்த் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும்.

கே: வண்டிக்குள் எம்.சி.பி. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன். அப்படியும் ஆர்.சி.சி.பி. விழுது. அதுவும் லாட்ஜ்காரர் தண்ணி மோட்டார் போடும்போதுதான். மந்திரம் மாதிரி இருக்கு.
- வள்ளியூர்

ப: உங்கள் வண்டிக்குள் எங்கோ நியூட்ரல் வயர் எர்த்தைத் தொடுகிறது. ஒற்றை போல் எம்.சி.பி. ஃபேஸை மட்டும் அறுக்கும்; நியூட்ரல் எப்போதும் சேர்ந்தே இருக்கும். லாட்ஜில் மோட்டார் ஓடும்போது அவர்களுடைய நியூட்ரல் வயரில் ஒன்றிரண்டு வோல்ட் ஏறும். அந்த நியூட்ரல் உங்கள் வண்டிவரை வருகிறது. தொடுகிற இடத்தில் 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், 1 வோல்ட்டுக்கே 100 மில்லி ஆம்பியர் எர்த்துக்குப் போகும். மோட்டார் நின்றால் வோல்ட் இறங்கும், டிரிப்பும் நிற்கும்.

முதலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள். தனித்து ஓடும்போது ஆர்.சி.சி.பி. வேலை செய்ய, இன்வெர்ட்டரின் நியூட்ரலை சேஸோடு (வண்டியின் இரும்புச் சட்டம்) சேர்த்திருக்க வேண்டும். வெளிக் கரண்ட் வந்ததும் அந்த இணைப்பு விலக வேண்டும். கேரவனுக்கென்று செய்த இன்வெர்ட்டரில் இதற்கு ரிலே இருக்கும். வீட்டு இன்வெர்ட்டரை வாங்கி வைத்து, நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் நிரந்தரமாகக் கட்டியிருந்தால் குறை அதுவே.

அது இல்லையென்றால் கேபிளைப் பிடுங்கிவிட்டு, நியூட்ரல் வயர்கள் சேரும் லிங்கிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த் பாரோடு மெகர் பாருங்கள். போர்டு உள்ள சாமான்களை முதலில் பிரித்துவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பிளைவுட் பலகையைப் பொருத்தும்போது ஓட்டிய திருகு நியூட்ரல் வயரின் தோலைக் கிழித்து ஃபிரேமைத் தொடுவது கேரவன்களில் சகஜம். பழுதுபார்த்த கையோடு எம்.சி.பி.களை, நியூட்ரலையும் சேர்த்து அறுக்கும் டபுள் போலாக மாற்றிவிடுங்கள். அடுத்த முறை தேடுவது பாதி வேலை.

கே: புது 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ். ஓடும்போது அருமையா குளிருது. திருச்செந்தூரில் கடற்கரைப் பக்கம் நிறுத்தினால் விடிகாலையில் நின்னுபோவுது. தண்ணி பம்பு போட்டால் விளக்கு மங்குது. பேட்டரி புதுசு, காலையில் அளந்தால் 12.6 இருக்கு. மெக்கானிக் எர்த்தில் பீப் வச்சுப் பார்த்து, எல்லாம் ஓகேன்னுட்டார்.
- உடன்குடி

ப: பீப் சத்தம்தான் உங்களை ஏமாற்றியது. மல்டிமீட்டர் 30, 40 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். உங்கள் ஃபிரிட்ஜைக் கவிழ்க்க கால் ஓம் போதும். அந்தக் கால் ஓமை மீட்டரின் ஓம் ரேஞ்சிலும் நம்பி அளக்க முடியாது. மீட்டர் வயருக்கே அந்த அளவு ஓம் இருக்கும். கரண்ட் ஓடும்போது வோல்ட்டைத்தான் அளக்க வேண்டும்.

பேட்டரி நெகட்டிவ் முனையில் முதலைக் கிளிப்பால் 10 மீட்டர் நீள ஒற்றை வயரை மாட்டுங்கள். மறுமுனையை மீட்டரின் கறுப்பு முனையோடு சேர்த்து, ஃபிரிட்ஜ் ஓடும்போது சிவப்பு முனையை ஃபிரிட்ஜின் நெகட்டிவ் டெர்மினலில் வையுங்கள். நல்ல இணைப்பில் 0.1, 0.2 வோல்ட் காட்டும். 1.2 காட்டுகிறது, ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கிறது என்றால், எர்த் பக்கத்தில் மட்டும் 0.24 ஓம் தடை என்று அர்த்தம். அப்படியே படிப்படியாக பேட்டரியை நோக்கி வாருங்கள்: வயர், லக் (வயர் முனையில் அழுத்திய உலோகக் காது), போல்ட், பாடி தகடு, சேஸ், பேட்டரி ஸ்ட்ராப். எந்த இரண்டு இடத்துக்கு நடுவே வோல்ட் சட்டென்று குறைகிறதோ, குறை அங்கே. மீட்டரைப் பார்த்துக்கொண்டே வயரை ஆட்டிப் பாருங்கள். எண் குதித்தால் கை இருக்கிற இடமே அது.

ஓடும்போது ஏன் தெரியவில்லை? ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தருகிறது. அதில் ஒன்றரை வோல்ட் போனாலும் ஃபிரிட்ஜுக்கு 12.5 கிடைக்கிறது. நிறுத்தியபின் பேட்டரி இறங்கி, விடிகாலையில் லோடோடு 12 பக்கம் வரும். ஒன்றரை போனால் பத்தரை. கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு கணம் அதிகம் இழுக்கும். இந்த ஃபிரிட்ஜ்களில் பல 10.4 வோல்ட்டுக்குக் கீழே தானாக நின்றுவிடும், 11.7 ஏறினால்தான் திரும்பக் கிளம்பும். நின்றதும் கரண்ட் ஓட்டம் இல்லை, தடையில் வோல்ட் விழவும் இல்லை. சூரியன் வந்து சோலார் பேனல் பேட்டரியை ஏற்றியபின் நீங்கள் மீட்டர் வைத்தால் 12.6. எல்லாம் சாதுவாக இருக்கும்.

உப்புக்காற்றில் போகும் இடம் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் பெயிண்ட் மேலேயே தகரத் திருகால் முடுக்கிய ரிங் லக். கழற்றினால் லக்கின் அடியில் பெயிண்ட் வட்டமாக அப்படியே இருக்கும். திருகின் மரையில் மட்டும் காவிப்பொடி. அதாவது இத்தனை நாள் கரண்ட் போனது திருகின் நாலைந்து மரை வழியாக. அந்தத் திருகை இன்னும் இறுக்கினால் தகடு மரை சறுக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயிண்டை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பைக் கொண்டுவாருங்கள். 8 எம்.எம். போல்ட்டைத் தகட்டின் வழியே விட்டு, லக்குக்கும் தகட்டுக்கும் நடுவே பல் வாஷர், அடியில் நைலாக் நட். ஈயம் பூசிய தாமிர லக்கை கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கினது ஒரு மழைக்குத் தாங்காது. வண்டி ஆடுகிற இடத்தில் சால்டர் ஊற்றாதீர்கள், ஈயம் ஏறி விறைத்த விளிம்பில் வயர் முறியும். முடுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள். ஒரே போல்ட்டில் மூன்று லக்குக்கு மேல் அடுக்க வேண்டாம்.

இதைவிட நல்லது, ஃபிரிட்ஜுக்கு பாடியை நம்பாமல் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) நெகட்டிவ் வயர் ஒன்றைத் தனியாக இழுத்து பேட்டரி பக்கத்து பஸ்பாரில் (பல வயர் சேரும் உலோகப் பட்டை) சேர்ப்பது. 6 மீட்டர் தூரத்துக்கு 4 ஸ்கொயரில் 5 ஆம்பியர் போனால் ஒரு பக்கத்துக்கு 0.13 வோல்ட்தான் இழப்பு. 1.5 ஸ்கொயரில் அதே தூரத்துக்கு 0.34. போக, வர இரண்டு பக்கம் என்றால் 0.7 வோல்ட்டை நெருங்கிவிடும். உங்கள் ஃபிரிட்ஜுக்கு என்ன வயர் போட்டிருக்கிறார்கள் என்று அதையும் பார்த்துவிடுங்கள்.

கே: செல்ஃப் அடித்தால் சில நாள் ‘டக்’ என்ற சத்தத்தோடு சரி. ரெண்டு தடவை ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுட்டுது. பேட்டரிக்காரர் பேட்டரியை மாத்தச் சொல்றார்.
- சங்கரன்கோவில்

ப: மாற்றாதீர்கள். இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை போயிருக்கிறது. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டை அறுந்தால் செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஆக்ஸிலரேட்டர் கேபிளின் உறை வழியாக வழி தேடும். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒரு ஜம்பர் கேபிளை மாட்டி செல்ஃப் அடியுங்கள். உடனே எடுத்தால் பட்டையை மாற்றுங்கள். மாற்றியபின் செல்ஃப் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

கே: தேரிக்காட்டுப் பக்கம் கேம்ப் போடும்போது சின்ன ஜெனரேட்டர் வைக்கிறோம். அரை மீட்டர் இரும்புக் கம்பியை மண்ணில் அடிச்சு எர்த் கொடுத்தால் போதும்தானே?
- சாத்தான்குளம்

ப: போதாது. காய்ந்த தேரி மணலில் அந்தக் கம்பி கிட்டத்தட்ட அலங்காரம். நல்ல மண்ணில் அடித்து 100 ஓம் கிடைத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டுக்கு 2.3 ஆம்பியர்தான் ஓடும், 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. ஆகவே கம்பியை நம்பாமல் மூன்று வேலை செய்யுங்கள். ஜெனரேட்டர் உடம்பையும் வண்டி சேஸையும் கேபிளின் பச்சை வயரால் சேருங்கள். சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எதோடும் சேராமல் மிதக்கும். தயாரிப்பாளர் அனுமதித்தால் அதை ஜெனரேட்டர் உடம்போடு ஓரிடத்தில் மட்டும் கட்டி, அதற்கு அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வையுங்கள். கேபிள் 2.5 ஸ்கொயர், மூன்று கோர். டிரம்மில் சுற்றியபடியே வைத்து ஏ.சி. ஓட்டினால் உள்சுற்று சூடேறித் தோல் உருகும். முழுக்க அவிழ்த்துப் போடுங்கள்.